ஊசி முனையில் நிற்கும் பெயர்

கோடை மழை பெய்து ஓய்ந்த இரவிலே, செம்மண் நாட்டில் விளக்கேற்றி வைத்த வீட்டுக்கு விருந்தாளிகள் பஞ்சமில்லை. கதவைத் தாழிட்டாலும் பலகணி வழியே புகுந்து, சுவரிலும் சுடரிலும் மோதிச் சுழலும் அவ்விருந்தினரை நம் முன்னோர் விட்டில் என்றனர். பூச்சியியலார் அந்துப்பூச்சி என்கின்றனர். முன்னாளில் தென்னார்க்காடு என வழங்கிய பகுதியில், நெய்வேலிக்கு அருகே முத்தாண்டிக்குப்பம் என்றோர் ஊர் உண்டு. அதனைச் சூழ்ந்த நிலம் முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர் பெற்றது. வேர்க்கடலையும் அந்நிலத்துக்கு உரிய பயிரே. அதனை மணிலாக்கொட்டை என்றும், பேச்சு வழக்கில் மல்லாட்டை என்றும் அப்பகுதி மக்கள் சொல்லுவர். தென் அமெரிக்காவில் தோன்றிய பயிருக்குப் பிலிப்பைன் தீவின் துறைமுகப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது ஒரு தனிக்கதை. ஒரு பொருளோடு ஓர் இடத்தின் பெயர் எவ்வளவு தற்செயலாகப் பிணைந்துவிடுகிறது என்பதற்கு அது நல்ல சான்று. இன்று நாம் பேசவிருப்பதும் அத்தகைய பிணைப்பைப் பற்றியே.

அந்த நிலத்துக்கு உரிய அந்துப்பூச்சிகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலாவது, மழை விழுந்ததும் மண்ணைப் பிளந்து வெளிவந்து முட்டையிட்டு, மணிலாக் கொல்லையை நாட்கணக்கில் மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப் புழுவின் தாய். இரண்டாவது, புகையிலை, பருத்தி, ஆமணக்கு, மணிலா என்று எதனையும் விட்டு வைக்காத வெட்டுப்புழு. இதனை உழவர் ‘புரோடீனியா’ என்பர். மூன்றாவது மிகச் சிறியது. முந்திரியின் இளந்தளிரில், இலைத்தோலுக்கு உள்ளேயே சுரங்கம் அறுத்து வாழ்வது. பழுப்பு நிலக்கரிக்காக 1957-ஆம் ஆண்டில் மனிதன் மண்ணைத் தோண்டத் தொடங்கிய நாட்டிலே, அதற்கு நெடுங்காலம் முன்பே இலைக்குள் சுரங்கம் வெட்டியது இப்பூச்சி இனம்.

இம்மூன்றுக்கும் அறிவியலில் இலத்தீன் பெயர்கள் உண்டு. அப்பெயர்கள் எங்கே நிற்கின்றன? புத்தகத்தில் என்று நீங்கள் கூறலாம். புத்தகத்தில் இருப்பது பெயரின் நிழலே. ஒவ்வொரு பெயரும் உண்மையில் ஓர் ஊசியின் மேல் நிற்கிறது. ஓர் இனத்தை முதன்முதலில் வருணித்துப் பெயரிட்டவர் எந்த உடலைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதினாரோ, அந்த உலர்ந்த உடலே அப்பெயருக்குச் சாட்சி. அதனை மூலமாதிரி என்று சொல்லலாம். நிலத்துக்கு எல்லைக்கல் எப்படியோ, பெயருக்கு மூலமாதிரி அப்படி. நாளைக்கு வேறொருவர், ‘இதுவும் அந்த இனமே’ என்று சொன்னால், ‘எங்கே, அக்கல்லை அளந்து பார்ப்போம்’ என்று கேட்பதற்கு அது வேண்டும். எழுத்தில் உள்ள வருணனை மங்கலாம். அக்காலத்தவர் கவனியாத உறுப்பு ஒன்று இக்காலத்தில் முதன்மை பெறலாம். உடல் இருந்தால் மீண்டும் பார்க்கலாம்.

நம் நிலத்துப் பூச்சிகளின் எல்லைக்கற்கள் பெரும்பாலும் நம் நாட்டில் இல்லை. அவை கோபன்ஹேகனிலும் இலண்டனிலும் இருக்கின்றன. எவ்வாறு அங்கே சென்றன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

டேனிஷ்காரர் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியைத் தம் வசம் வைத்திருந்தனர். அங்கே 1768-ஆம் ஆண்டில் மருத்துவராக வந்து இறங்கியவர் யொகான் கெர்ஹார்டு கோனிக். இவர் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசிடம் பயின்றவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போகச் செடி கொடிகளையும் பூச்சிகளையும் திரட்டினார். பின்னர் ஆர்க்காட்டு நவாபின் பணியிலும், 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியிலும் இருந்து, 1785-இல் இந்நாட்டிலேயே மறைந்தார். இவர் திரட்டிய பூச்சிகள் ஐரோப்பாவில் யொகான் கிறிஸ்டியன் பப்ரீசியசின் கைக்குச் சென்றன. பப்ரீசியசும் லின்னேயசின் மாணவரே. 1775 முதல் கீல் நகரத்துப் பேராசிரியர். பூச்சிகளை இறகு கொண்டு வகுத்தார் ஆசிரியர். வாயுறுப்பைக் கொண்டு வகுத்தார் மாணவர். ஏறத்தாழப் பத்தாயிரம் பூச்சியினங்களுக்கு அவர் பெயரிட்டுள்ளார்.

கோனிக்குக்குப் பின் தரங்கம்பாடியில் பூச்சி திரட்டியவர்களுள் டால்டார்ப் என்ற படை அதிகாரியும் ஒருவர். இவரைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. தரங்கம்பாடியில் ஒரு பனைமரத்தின் பிளவிலிருந்து, ஏறிக்கொண்டிருந்த மீனைத் தம் கையால் எடுத்ததாக 1797-இல் இலண்டன் லின்னேயச் சங்கத்தின் ஏட்டில் இவர் எழுதினார். மீன் மரமேறுமா என்று ஐரோப்பியர் நெடுநாள் நகைத்தனர். நம்மவர்க்கு அது வியப்பன்று. அம்மீனுக்குப் பனையேறிக் கெண்டை என்று பெயரே வைத்திருந்தோம். ஆயினும் நம் பெயர் நம்மோடு நின்றது. ஏட்டில் ஏறியது அவர்கள் வைத்த பெயர்.

பப்ரீசியஸ் 1775-இல் வெளியிட்ட பூச்சியியல் நூலிலே, நம் புரோடீனியாப் பூச்சி முதன்முதலாக இடம்பெற்றது. ‘லிட்டூரா’ என்று அதற்குப் பெயரிட்டார். எழுத்தை அழித்ததால் உண்டான கறை என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். அதன் முன்னிறகில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துவிட்ட வெண்கோடுகளைப் பார்த்தவர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். அக்கால வழக்கப்படி வருணனை சில வரிகளே. வாழுமிடம்? கிழக்கிந்தியா. அவ்வளவே. எந்த ஊர், எந்தக் கரை, எந்தச் செடி, எந்தத் திங்கள் என்ற குறிப்பு ஏதுமில்லை. கிழக்கிந்தியா என்ற சொல் அக்காலத்தில் எவ்வளவு நிலத்தைக் குறிக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தக் குறையின் விலையைப் பிற்காலத்தவர் கொடுத்தனர். 1833-இல் பிரெஞ்சு அறிஞர் புவாடுவால் ‘லிட்டோராலிஸ்’ என்ற பெயரில் மற்றோர் அந்துப்பூச்சியை வருணித்தார். அது ஆப்பிரிக்கப் பக்கத்துப் பூச்சி. எகிப்தின் பருத்திக்கு எமன். இறகைப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆகவே இரண்டும் ஒன்றே என்று பலர் முடிவு செய்து, பப்ரீசியஸ் வைத்த பழைய பெயரையே இரண்டுக்கும் சூட்டினர். இதன் பயனாக, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எகிப்துப் பருத்திப் புழுவைப் பற்றி எழுதப்பெற்ற ஆராய்ச்சிக் கட்டுரைகளில், ‘புரோடீனியா லிட்டூரா’ என்ற நம் பூச்சியின் பெயரே காணப்படுகிறது. எங்கோ நைல் நதிக்கரையில் ஒரு புழு எத்தனை நாளில் கூட்டுப்புழு ஆயிற்று, எந்த மருந்துக்கு மடிந்தது என்ற செய்தியெல்லாம் காவிரிக்கரைப் புழுவின் கணக்கில் வந்து சேர்ந்தது.

பாரிசு அருங்காட்சியகத்து வியெத் என்பவர், மடகாஸ்கர்ப் பகுதிப் பூச்சிகளை ஆராய்ந்து, இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பதை 1963-இல் எடுத்துக்காட்டினார். எதைக்கொண்டு என்றால், இறகைக் கொண்டு அன்று. வயிற்று நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்பின் அமைப்பைக் கொண்டு. பூட்டும் திறவுகோலும் போல, ஒவ்வோர் இனத்திலும் ஆண் பெண் உறுப்புகள் தமக்குள் பொருந்தி அமைந்துள்ளன; இறகின் நிறம் மயக்கலாம், இவை அவ்வளவாக மயக்குவதில்லை. பூச்சியின் வயிற்றை எடுத்துக் காரக் கரைசலில் ஊறவைத்து, தசையைக் கரைத்து, எஞ்சிய ஓட்டைக் கண்ணாடிச் சில்லில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் வேற்றுமை தெரிகிறது.

இது பெயர் பற்றிய வெறும் வழக்கா? அன்று. இப்போது மணிலாக் கொல்லைகளில் புழுவுக்கு எதிராக வைரஸ் கரைசல் தெளிக்கும் முறை ஒன்று உண்டு, என்.பி.வி. என்று அதனைக் குறிப்பர். அந்நோய்க் கிருமி, மற்ற நஞ்சுகளைப் போல் எதிர்ப்பட்டதையெல்லாம் கொல்வதன்று. தனக்குரிய புழுவையே முதன்மையாகத் தாக்கும். ஆப்பிரிக்கப் புழுவுக்கு உரிய வைரஸ் வேறு, நம் புழுவுக்கு உரியது வேறு; கம்பளிப் புழுவுக்கு உரியது அவ்விரண்டினும் வேறு. தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் உழவரின் புட்டியில் எது இருக்கவேண்டும் என்பது, கடைசியில், யாரோ ஒருவர் ஊசியில் குத்தி வைத்த உடலை மற்றொருவர் சரியாகப் பார்த்ததைப் பொறுத்திருக்கிறது.

இடையே ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். புரோடீனியா என்ற பேரினப் பெயரை அறிவியலார் எப்போதோ கைவிட்டு, அப்பூச்சியை ஸ்போடாப்டெரா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டனர். நம் உழவர்களோ விடவில்லை. நூலிலிருந்து கிராமத்துக்கு ஒருமுறை இறங்கி வந்த பெயர், நூல் மாறியதற்காகக் கிராமத்தை விட்டுப் போகுமா?

கம்பளிப் புழுவின் கதை வேறு விதமானது. அதன் தாய்ப்பூச்சிக்கு ‘ஆல்பிஸ்ட்ரிகா’ என்று பெயரிட்டவர் பிரான்சிஸ் வாக்கர். வெண்கோடு என்பது அப்பெயரின் பொருள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த அந்துப்பூச்சிகளுக்குப் பட்டியல் எழுதும் வேலை இவருக்குக் கிடைத்தது. 1854-இல் தொடங்கி 1866 வரை 35 பகுதிகளாக அப்பட்டியல் வெளிவந்தது. பெட்டி பெட்டியாக வந்த பூச்சிகளை மூச்சு விடாமல் வருணித்தார். ஒரே இனத்துக்கு இரண்டு மூன்று பெயர்கள் இட்டதும் உண்டு. 1874-இல் இவர் இறந்தபோது, பூச்சியியல் ஏடு ஒன்று வெளியிட்ட இரங்கற் குறிப்பே ஏச்சுரையாக அமைந்தது. அத்தனை கடுமை வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வாக்கர் அவசரக்காரர்தாம், ஆனால் அவர் பார்த்த உடல்கள் அந்த அருங்காட்சியகத்தில் இருந்தமையால் பின்வந்தவர் அவர் தவறுகளைத் திருத்த முடிந்தது. அழகாக எழுதிவிட்டு மாதிரியைத் தொலைத்தவர்களைவிட இவர் நமக்குப் பயன்பட்டவர்.

நம் கம்பளிப் பூச்சியின் முன்னிறகு வெள்ளையும் பழுப்புக் கீற்றுமாக இருக்கும். அதன் முன்விளிம்பில் மஞ்சள் கோடு ஓடும். இதற்கு மிக நெருங்கிய உறவான மற்றோர் இனத்துக்கு அவ்விடத்தில் சிவப்புக் கோடு. மஞ்சளா சிவப்பா என்பதில் இரண்டு இனங்களின் அடையாளம் அடங்கியிருக்கிறது. அந்துப்பூச்சிகள் வெளிவரும் மழை இரவுகளில் கொல்லையில் தீ மூட்டியும் விளக்குப் பொறி வைத்தும் அழிப்பதும், கோடையில் ஆழ உழுது மண்ணுள் உறங்கும் கூட்டுப்புழுவை வெயிலில் கிளறிப் போடுவதும் உழவர் கைக்கொள்ளும் முறைகள். பத்துத் திங்கள் மண்ணுள் உறங்கும் பூச்சி எது, உறங்காதது எது என்று தெரிந்தால்தான் ஆழ உழவு எதற்குப் பயன்படும் என்று கூற முடியும்.

தமிழ்நாட்டு மண்ணில் வாழ்ந்துகொண்டே அந்துப்பூச்சிகளை ஆராய்ந்தவர் ஒருவரையும் மறக்கலாகாது. ஜார்ஜ் ஹாம்ப்சன் நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்தார். மலையில் இரவுதோறும் விளக்கைத் தேடி வந்த பூச்சிகளைத் திரட்டி, இங்கிலாந்து திரும்பியபின், நீலகிரி மாவட்டத்து அந்துப்பூச்சிகளைப் பற்றி 1891-இல் ஓவியங்களுடன் நூல் வெளியிட்டார். பிறகு 1892 முதல் 1896 வரை, பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்கள் என்ற வரிசையில் அந்துப்பூச்சிகளுக்காக நான்கு தொகுதிகள் எழுதினார். தாமே பிடித்த பூச்சியை வாக்கர் முதலியோரின் மூலமாதிரியோடு ஒரே மேசையில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. நீலகிரி என்று இடம் குறித்து அவர் எழுதியதால், அப்பெயர்களுக்கு ஒரு முகவரி கிடைத்தது. கிழக்கிந்தியா என்று எழுதிய காலத்திலிருந்து இது பெரிய முன்னேற்றம்.

இனி முந்திரிச் சுரங்கப் பூச்சிக்கு வருவோம். விரல் நகத்தினும் சிறிய இவ்வகைப் பூச்சிகளை நுண் அந்துப்பூச்சிகள் என்பர். இவற்றைப் பெரிய அறிஞர்கள் பெரும்பாலும் ஒதுக்கினர். ஒதுக்காதவர் எட்வர்டு மெய்ரிக். இவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். மார்ல்பரோ என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த ஆசிரியர். பள்ளிப் பருவத்திலேயே பூச்சிகளின்மேல் நாட்டங்கொண்டவர். இளமையில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆசிரியத் தொழில் பார்த்தார். உலகின் பல மூலைகளிலிருந்தும் தபாலில் சிறு பெட்டிகள் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. சென்னை அரசின் பூச்சியியலாளராகவும் பிறகு பூசாவில் இந்தியப் பேரரசின் பூச்சியியலாளராகவும் இருந்த பெயின்பிரிக் பிளெச்சர், இலையோடு புழுவை எடுத்து வளர்த்து, வெளிவந்த பூச்சிகளை மெய்ரிக்குக்கு அனுப்பிவந்தார். பிளெச்சர் எழுதிய தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் 1914-இல் சென்னையில் வெளிவந்தது. அதே 1914-இல்தான் மெய்ரிக் நம் முந்திரிப் பூச்சிக்கு ‘அக்ரோசெர்காப்ஸ் சின்கிராமா’ என்று பெயரிட்டார்.

மெய்ரிக் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை வருணித்தவர். ஆனால் அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. நுண்ணோக்கியைத் தொடார், கைக்கண்ணாடி ஒன்றே போதும் என்பார். இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்க்கும் புதிய முறையையும் அவர் ஏற்கவில்லை. மற்றொன்று: ஓர் இனத்துக்குப் பல உடல்கள் கைவசம் இருந்தால், ‘இதுவே மூலமாதிரி’ என்று ஒன்றைச் சுட்டி வைக்கவும் மாட்டார். 1938-இல் அவர் மறைந்தபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் உடல்கள் கொண்ட அவர் திரட்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஒரு லட்சம் ஊசிகள்; எந்த ஊசியில் எந்தப் பெயர் நிற்கிறது என்று சொல்ல வேண்டியவர் போய்விட்டார்.

இங்கேதான் நம் வரலாற்றின் புகழ் பெறாத வேலையாட்கள் வருகிறார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த கேட்ஸ் கிளார்க் என்பவர் மெய்ரிக்கின் பெட்டிகளைத் திறந்தார். ஒவ்வோர் இனத்துக்கும் உரிய உடல்களைத் தேடி, மெய்ரிக்கின் வருணனையோடு ஒத்துப்பார்த்து, தகுந்த ஒன்றைத் தேர்ந்து, அதற்கு மூலமாதிரி என்ற தகுதியை அளித்தார். பின்னர் அதன் இறகைப் படம் பிடித்து, உறுப்பை அறுத்து அதனையும் படம் பிடித்து வெளியிட்டார். 1955-இல் முதல் தொகுதி வந்தது. எட்டாம் தொகுதி வருவதற்குள் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. ஏறக்குறைய அதே காலத்தில், கோபன்ஹேகனில் எல்லா சிம்சன் என்ற அம்மையார் பப்ரீசியசின் பூச்சிகளைத் தேடினார். பப்ரீசியஸ் ஒரே இடத்தில் இருந்து எழுதியவர் அல்லர். கோடைதோறும் பயணம் செய்து கண்ட கண்ட திரட்டுகளைப் பார்த்து எழுதியவர். ஆகவே அவருடைய ஊசிகள் கீலிலும் கோபன்ஹேகனிலும் இலண்டனிலுமாகச் சிதறிக் கிடந்தன. எந்தப் பெயருக்கு எங்கே எத்தனை உடல்கள் எஞ்சியுள்ளன, எதற்கு ஒன்றுமில்லை என்று பெயர் பெயராக எழுதி, 1964-இல் அம்மையார் ஒரு பட்டியல் வெளியிட்டார். பட்டியல்தானே என்று எண்ணுவோர் ஒருமுறை அத்தகைய ஒன்றைச் செய்து பார்க்கட்டும்.

உடல் இருக்கும் என்பதும் உறுதியன்று. அருங்காட்சிப் பெட்டிக்குள் புகுந்து உலர்ந்த பூச்சியைத் தின்னும் வண்டுகள் உண்டு. வெப்ப நாட்டில் பூஞ்சணமும் எறும்பும் வேறு. குளிர்நாட்டிலோ போர் வந்தது. 1943-இல் விழுந்த குண்டுகளால் ஹாம்பர்க் அருங்காட்சியகம் எரிந்தபோது, அங்கிருந்த அந்துப்பூச்சித் திரட்டும் சாம்பலாயிற்று. மூலமாதிரி அழிந்து, இனம் பற்றிய ஐயமும் எழுந்தால், விதிகளுக்கு உட்பட்டுப் புதிய மாதிரி ஒன்றை நியமிக்கலாம். அப்போது பழைய உடல் கிடைத்த இடத்திலிருந்தே புதியதும் வரவேண்டும் என்று தேடுவார்கள். கிழக்கிந்தியா என்று மட்டும் எழுதி வைத்தவருக்கு எங்கே போய்த் தேடுவது?

விதிகள் மெல்ல மெல்ல இறுகின. மூலமாதிரிக்கென்று ஒரே உடலைச் சுட்டும் கலைச்சொல் 1897-இல் தோன்றியது. விலங்குப் பெயரிடல் பற்றிய பன்னாட்டு விதித்தொகுப்பு 1961-இல் புது வடிவம் பெற்றது. அதன் நான்காம் பதிப்பு 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, புதிய இனத்துக்குப் பெயரிடுவோர் மூலமாதிரியை வெளிப்படையாகச் சுட்ட வேண்டும். அது எஞ்சியுள்ள உடலேயானால் எந்தத் திரட்டில் வைக்கப்படும் என்பதையும் கூறவேண்டும். இக்காலத்தில் பூச்சியின் ஒரு காலை மட்டும் எடுத்து, அதன் மரபுப்பொருளைப் படித்து இனம் காண்கின்றனர். காலும் ஊசிக்குரிய உடலிலிருந்தே வரவேண்டும் என்பதால் பழைய பெட்டிகளுக்கு மதிப்புக் கூடியதே அன்றிக் குறையவில்லை.

நம் நாட்டிலும் நிலைமை மாறியுள்ளது. கல்கத்தாவில் 1916-இல் தோன்றிய இந்திய விலங்கியல் மதிப்பாய்வு நிறுவனம் மூலமாதிரிகளைக் காத்துவருகிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, புதிய உயிரினத்தைக் கண்டவர் அதனை நியமிக்கப்பட்ட காப்பகத்துக்கு அறிவித்து, சான்று மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது. கோனிக்கின் காலத்தில் கப்பலேறிய பெட்டி இனிமேல் அவ்வாறு ஏறிவிட முடியாது. இச்சட்டத்தை நடத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையமும் சென்னையிலேயே உள்ளது.

ஆனால் சட்டம் பெட்டியைக் காக்கும். சீட்டை எழுதித் தராது. ஊசியில் பூச்சிக்குக் கீழே செருகும் அந்தத் துண்டுக் காகிதம் விரற்கணு அகலமும் இராது. அதில் மாநிலம், மாவட்டம், ஊர், அகலாங்கு நெட்டாங்கு, கடல் மட்டத்துக்கு மேல் உயரம், நாள், பிடித்தவர் பெயர், விளக்கில் பிடித்ததா செடியில் வளர்த்ததா, செடியானால் எது என்று இத்தனையும் எழுத வேண்டும். அதுவும் நூறாண்டு மங்காத மையில். முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்பில் நாளைக்கு ஒரு மாணவர் சுரங்கம் ஓடிய தளிரைக் கண்ணாடிக் குழாயில் இட்டு வளர்த்து, வெளிவந்த சிறு பூச்சியை மெய்ரிக்கின் மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இஃது அதுவன்று என்று ஐயுற்றாரானால், அவர் முதலில் செய்ய வேண்டியது பெயர் சூட்டுவது அன்று. அந்தச் சீட்டில் ஊர்ப்பெயரை எழுத்துப் பிழையின்றி எழுதி, பூச்சியின் கீழே செருகுவதே.